வழிகாட்டி நாய்: விண்ணப்பிப்பது முதல் சேர்ந்து நடப்பது வரை

“இனி ஆர் இவரைக் கூட்டிக்கொண்டு போறது, வாறது?”

பிரித்தானியாவில் வாழும் ஒருவருக்கு நீரிழிவாலோ குளுக்கோமாவாலோ பார்வை மங்கத் தொடங்கினால் நம்மவர் வீடுகளில் எழும் முதல் கேள்வி இதுதான். மகன் வேலைக்குப் போகவேண்டும். மகளுக்குச் சிறுபிள்ளைகள். மனைவிக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. அப்போது யாராவது ஒருவர் சொல்வார்: “இங்கை அதுக்கெண்டு நாய் குடுப்பினம். அது எல்லா இடமும் கூட்டிக்கொண்டு போகும்.”

இதில் பாதி சரி. நாய் கொடுப்பது உண்மை. ஆனால் அது யாரையும் கூட்டிக்கொண்டு போவதில்லை. போகும் வழியைத் தீர்மானிப்பவர் மனிதர். அந்த வழியில் மோதாமல், விழாமல் நடக்க உதவுவது நாய். விண்ணப்பப் படிவம், வீட்டுக்கு வரும் மதிப்பீட்டாளர், மாதக்கணக்கான காத்திருப்பு, வாரக்கணக்கான பயிற்சி எல்லாமே இந்த வேறுபாட்டை மையமாகக் கொண்டவை. நாய்க்காக விண்ணப்பித்தாலும் அங்கே அதிகம் பரிசோதிக்கப்படுபவரும் பயிற்றப்படுபவரும் மனிதர்தான்.

இக்கட்டுரை பிரித்தானிய நடைமுறையை அடிப்படையாகக் கொண்டது. நூற்றாண்டை அண்மிக்கும் வரலாறு அங்கே உண்டு. நம்மவர் பெருமளவில் வாழும் நாடும் அதுவே.

நாய் செய்வதும் செய்யாததும்

“ஈஸ்ட்ஹாம் ரயில் நிலையத்துக்குப் போ” என்று சொன்னால் வழிகாட்டி நாய்க்கு விளங்காது. வாசலில் இறங்கி இடப்பக்கம் திரும்பி, இரண்டு குறுக்குத் தெருக்களைக் கடந்து, மூன்றாவதில் வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்பதை மனதில் வைத்திருக்க வேண்டியவர் அதை வைத்திருப்பவர். அவர் “ஃபோர்வர்ட்” என்றால் நாய் நேராக நடக்கும். “லெஃப்ட்” என்றால் இடப்பக்கம் திரும்பும். “ஃபைன்ட் த டோர்” என்றால் கதவைத் தேடும். அடிக்கடி போகும் பாதைகளை அது காலப்போக்கில் நினைவில் வைத்துக்கொள்ளும் என்பது வேறு விடயம்.

நாயின் வேலை தடைகளைச் சமாளிப்பது. நடைபாதையில் குப்பைத்தொட்டி இருந்தால் சுற்றிப்போகும். தான் மட்டும் புகக்கூடிய இடைவெளி போதாது, தன் வலப்பக்கம் வரும் மனிதரும் புகவேண்டும் என்று கணக்குப் பார்க்க அது பழக்கப்பட்டிருக்கிறது. மனிதரின் தலையில் இடிக்கக்கூடிய கிளையையும் கவனிக்கும். நடைபாதை விளிம்பு வந்தால் நின்றுவிடும். படிக்கட்டின் தொடக்கத்திலும் நிற்கும்.

சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் பார்த்து அது வீதியைக் கடக்காது. நாய்களுக்குச் சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்திப் பார்க்கும் நிறப்பார்வை இல்லை. வீதியைக் கடப்பது எப்போது என்று முடிவெடுப்பவர் மனிதர். பிரித்தானியாவின் பல பாதசாரிக் கடவைகளில் பொத்தான் பெட்டியின் அடியில் சிறிய கூம்பு ஒன்று இருக்கும். பச்சை மனிதன் எரியும்போது அது சுழலும். வழமையாக அந்தப் பெட்டியை அமத்திவிட்டுப் போகிறவர்களில் பலர் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். பார்வையற்றவரின் விரல்கள் அதைத்தான் தேடுகின்றன.

முடிவு பிழைத்தால் நாயின் இன்னொரு பயிற்சி வேலை செய்யும். “ஃபோர்வர்ட்” என்று சொல்லப்பட்ட நேரத்தில் வாகனம் ஒன்று வந்துகொண்டிருந்தால் அது அசையாமல் நிற்கும். அறிந்தே கீழ்ப்படியாமல் இருப்பது என்று இதைச் சொல்கிறார்கள். எனினும் இது கடைசிப் பாதுகாப்பு மட்டுமே. இதை நம்பி வீதியில் இறங்குவதை எந்தப் பயிற்றுவிப்பாளரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

போரிலிருந்து வந்த வழக்கம்

வழிகாட்டி நாய்களை ஒழுங்குமுறையாகப் பயிற்றும் வேலை முதலாம் உலகப்போர்க் காலத்து ஜேர்மனியில் தொடங்கியது. போரில் பார்வை இழந்த படைவீரர்களுக்காக 1916இல் ஒல்டன்பேர்க் நகரில் முதல் பள்ளி திறக்கப்பட்டது. பின்னர் பொட்ஸ்டாமில் இயங்கிய பள்ளியைப் பார்த்த அமெரிக்கப் பெண் டொரத்தி யூஸ்டிஸ், 1927 நவம்பரில் ‘சற்றர்டே ஈவினிங் போஸ்ட்’ சஞ்சிகையில் அதைப்பற்றி எழுதினார். அக்கட்டுரையைப் பற்றி அறிந்த மொரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற இளைஞர் அவருக்குக் கடிதம் எழுதி, சுவிற்சர்லாந்து சென்று நாயுடன் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1929இல் அமெரிக்காவின் ‘சீயிங் ஐ’ பள்ளி உருவானது.

பிரித்தானியாவில் மியூரியல் குரூக், ரொசமண்ட் பொண்ட் என்ற இரு பெண்கள் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள வொலசியில் இந்த முயற்சியைத் தொடங்கினர். ஜூடி, ஃபிளாஷ், ஃபொலி, மெட்டா என்ற நான்கு ஜேர்மன் ஷெப்பர்ட் நாய்கள் 1931 ஒக்டோபரில் தங்கள் எஜமானர்களுடன் பயிற்சியை முடித்தன. 1934இல் சங்கமாக அமைந்த அந்தப் பணியே இன்று ‘கைட் டோக்ஸ்’ என்ற தொண்டு நிறுவனமாக இயங்குகிறது.

விண்ணப்பத்துக்கு முன்

முதல் படி நாய் அல்ல, கண் வைத்தியர். பார்வைக் குறைபாடு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் இங்கிலாந்தில் கண் வைத்திய நிபுணர் பார்வைக் குறைபாட்டுச் சான்றிதழ் ஒன்றில் கையொப்பமிடுவார். அது உள்ளூர் கவுன்சிலுக்குப் போகும். ‘பார்வை பாதிக்கப்பட்டவர்’, ‘கடுமையாகப் பார்வை பாதிக்கப்பட்டவர்’ என்று இரு பிரிவுகள் உண்டு. பதிவுசெய்வது கட்டாயமில்லை. ஆனால் நம்மவர்களில் சிலர் “குருடர் எண்டு பேர் பதியிறதோ?” என்று வெட்கப்பட்டு இதைத் தள்ளிப்போடுவது பெரிய இழப்பு. பல சலுகைகளுக்கும் சேவைகளுக்கும் இதுவே வாசல்.

வழிகாட்டி நாய் பெற முற்றாகப் பார்வை இழந்திருக்க வேண்டியதில்லை. ஓரளவு வெளிச்சமும் உருவமும் தெரிபவர்கள் பலரும் வழிகாட்டி நாயுடன் நடக்கிறார்கள். மேல் வயதெல்லையும் கிடையாது. அறுபது, எழுபது வயதில் முதல் நாயைப் பெறுவது சாத்தியமே.

இரண்டாவது படி வெள்ளைப்பிரம்பு. கவுன்சில் ஊடாக வரும் புனர்வாழ்வு உத்தியோகத்தர் பிரம்பைப் பிடிக்கவும், தெருவின் ஓசையைக் கேட்டுத் திசை அறியவும், ஒரு பாதையைத் துண்டு துண்டாக மனனம் செய்யவும் கற்றுக்கொடுப்பார். நாய் கிடைக்கும்வரை ஒப்புக்குச் செய்யும் வேலையாக இதை நினைக்கக்கூடாது. பிரம்புடன் இரண்டு பாதைகளிலாவது தனியே போய்வரக்கூடிய ஒருவருக்கே நாயால் பயன் உண்டு. வீட்டைவிட்டு வெளியேறாத ஒருவரை நாய் வெளியே இழுத்துச் செல்லாது.

சிலர் பிரம்போடு நின்றுவிடுவார்கள். அதற்கும் நியாயம் உண்டு. பிரம்பு தடையைத் தொட்டுக் காட்டும்; அதனால் சுற்றுப்புறம் கைக்குத் தெரியும். நாய் தடையைச் சுற்றிப் போய்விடும். அங்கே ஒன்று இருந்ததே தெரியாது. பிரம்புக்குச் சாப்பாடு வேண்டாம், காய்ச்சல் வராது. ஆனால் நாயுடன் நடப்பவரின் வேகம் கூடும். ஒவ்வோர் அடியிலும் தட்டுப்படுவோமோ என்ற களைப்பு குறையும்.

மதிப்பீடும் காத்திருப்பும்

விண்ணப்பத்தைத் தொலைபேசியிலோ இணையத்திலோ தொடங்கலாம். குடும்ப வைத்தியரிடமிருந்தும் கண் வைத்தியரிடமிருந்தும் அறிக்கை பெற ஒப்புதல் கேட்பார்கள். பிறகு அலுவலர் வீட்டுக்கு வந்து பேசுவார். அவர் கேட்கும் கேள்விகள் பலருக்கு வியப்பாக இருக்கும். வாரத்தில் எத்தனை நாள் வெளியே போகிறீர்கள், எங்கே, எவ்வளவு தூரம், எந்த வேகத்தில் நடப்பீர்கள், சமநிலை எப்படி, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், நாய்க்குப் பயப்படுபவர் உண்டா, நாய் கழிவு கழிக்க இடம் உண்டா என்றெல்லாம் கேட்பார்.

சுருங்கச் சொன்னால், இந்த நாய்க்குத் தினமும் செய்ய வேலை இருக்குமா என்று பார்க்கிறார்கள். பயிற்றப்பட்ட நாய் வாரத்தில் ஒருநாள் மட்டும் வைத்தியசாலைக்குப் போவதற்கென்று வீட்டில் கிடந்தால் பழக்கம் தளர்ந்துவிடும்.

பிறகு சேர்ந்து நடந்து பார்ப்பார்கள். பல பள்ளிகளில் பயிற்றுவிப்பாளரே நாயின் இடத்தில் நின்று, நாயின் முதுகுப் பட்டியில் பொருத்தும் விறைப்பான கைப்பிடியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு முன்னே நடப்பார். அமெரிக்காவில் இதற்கு ‘ஜூனோ நடை’ என்று பெயர். எவ்வளவு இழுவையைத் தாங்குகிறார், திருப்பங்களில் எப்படிப் பின்தொடர்கிறார், தயக்கமில்லாமல் கட்டளை சொல்கிறாரா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும்.

ஆங்கிலம் குறைவாகத் தெரிந்த பெற்றோர் இதைக் கேட்டுத் தயங்கத் தேவையில்லை. நாய்க்குச் சொல்லும் சொற்கள் அதிகமில்லை, சிறியவை. குரலின் உறுதியும் ஒரே மாதிரிச் சொல்வதுமே முக்கியம். மதிப்பீட்டின்போது மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் முன்கூட்டியே கேட்க வேண்டும். பிள்ளைகள் கூட இருந்து உதவலாம். ஆனால் அப்பாவிடம் கேட்ட கேள்விக்கு மகன் பதில் சொல்லத் தொடங்கினால், தனியே போய்வரத்தக்கவர் அவர் என்று காட்டவேண்டிய இடத்திலேயே அதற்கு எதிராகச் சாட்சி சொன்னதுபோல ஆகிவிடும்.

தகுதி உண்டு என்று முடிவானால் காத்திருப்புப் பட்டியல். கொவிட் காலத்தில் நாய் இனப்பெருக்கமும் பயிற்சியும் தடைப்பட்டதால் பட்டியல் நீண்டது. பலருக்கு ஒரு வருடத்தையும் தாண்டியது. இது வரிசையில் நின்று பொருள் வாங்குவது போன்றதல்ல. வேகமாக நடக்கும் உயரமான இளைஞருக்குப் பொருந்தும் நாய், மெதுவாக நடக்கும் அம்மாவுக்குப் பொருந்தாது. நெரிசல் மிக்க வெம்பிளித் தெருவுக்கு ஏற்ற நாய் வேறு, நடைபாதையே இல்லாத கிராமத்து வீதிக்கு ஏற்றது வேறு. பின்னால் பதிந்தவருக்கு முதலில் நாய் கிடைப்பது அநீதியால் அல்ல, பொருத்தத்தால்.

இந்த நாய்களில் பெரும்பாலானவை லெப்ரடோர், கோல்டன் ரிட்ரீவர், அல்லது இவ்விரண்டின் கலப்பு. ஏறத்தாழ எட்டு வாரக் குட்டியாகத் தொண்டர் ஒருவரின் வீட்டுக்குப் போகும். அங்கே ஒரு வருடத்துக்கு மேல் பஸ், ரயில், கடை, மழை, சத்தம் எல்லாவற்றுக்கும் பழகும். பிறகு பயிற்றுவிப்பாளரிடம் மாதக்கணக்கில் முறையான பயிற்சி. எல்லாக் குட்டிகளும் தேறுவதில்லை. அணிலைக் கண்டால் ஓடும் நாயும், பட்டாசுச் சத்தத்துக்கு நடுங்கும் நாயும் வேறு பணிக்கோ வளர்ப்பு வீட்டுக்கோ போகும்.

சேர்ந்து பயிற்சி

பொருத்தமான நாய் கிடைத்ததும் சேர்ந்து பயிற்சி தொடங்கும். பொதுவாக நான்கைந்து வாரங்கள். முதற்பகுதி பெரும்பாலும் விடுதியிலோ பயிற்சி நிலையத்திலோ நடக்கும். மீதி வீட்டைச் சுற்றிய உண்மையான தெருக்களில்.

முதல் நாட்கள் நடையே அல்ல. சாப்பாடு அளந்து வைப்பது, மயிர் வாருவது, காதும் பாதமும் தடவிப் பார்த்துக் காயம் கண்டுபிடிப்பது, விசில் ஊதி அழைப்பது. கழிவு கழிக்கவும் கட்டளை உண்டு. பிரித்தானியாவில் “பிஸி பிஸி” என்றால் நாய் அந்த வேலையை முடிக்கும். அதன் பின் கைகளால் உணர்ந்து பையில் எடுத்துப் போடவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

நடை தொடங்கியதும் கடினமானது கைப்பிடியை நம்புவது. பிரம்புடன் பழகிய கை, தொட்டுப் பார்க்க எதுவுமில்லாமல் வேகமாக நடக்கும்போது பதறும். உடம்பு பின்னுக்கு இழுக்கும், நாய் குழம்பும். இன்னொரு பக்கம், நாயின் சின்ன அசைவுகளைக் கைப்பிடி வழியே வாசிக்கப் பழக வேண்டும். வலப்பக்கம் மெல்ல விலகினால் தடை. வேகம் குறைந்தால் நெரிசல். நின்றுவிட்டால் காலை முன்னே நீட்டிப் பார்க்க வேண்டும்: விளிம்பா, படியா, பள்ளமா? ஏன் நின்றது என்று தெரியாமல் திரும்பவும் “ஃபோர்வர்ட்” சொல்வதே புதியவர்கள் செய்யும் பெரிய பிழை.

நாயும் முதலில் முழுமனதாக வேலை செய்யாது. நேற்றுவரை பழகிய பயிற்றுவிப்பாளரையே திரும்பித் திரும்பித் தேடும். புதியவரின் குரலை நம்ப அதற்கும் காலம் வேண்டும். இருவரும் உண்மையில் ஒரு சோடியாக இயங்கப் பல மாதங்கள் எடுக்கும் என்பது இதில் அனுபவமுள்ளவர்கள் வழமையாகச் சொல்வது.

செலவைப் பொறுத்தவரை, நாய்க்கென அறவிடுவது பெயரளவில் 50 பென்ஸ் மட்டுமே. சாப்பாட்டுக்கும் மிருக வைத்தியத்துக்கும் நிறுவனம் உதவுகிறது. பணமில்லை என்ற காரணத்துக்காக விண்ணப்பிக்காமல் இருக்கத் தேவையில்லை.

வீட்டுக்குள் நாய்

நம்மவர் வீடுகளில் பெரிய தடை இங்கேதான். ஊரில் நாய் முற்றத்தில் நிற்கும், குசினிக்குள் வராது. வழிகாட்டி நாய் வீட்டுக்குள் வாழும். சுவாமி அறைக்குள் விடமாட்டோம், கட்டிலில் ஏறவிட மாட்டோம் என்று எல்லை வைத்தால் அது கேட்கும். ஒழுங்கு பழகிய நாய் அது. ஆனால் வெளியே கட்டி வைக்க முடியாது. மேசையிலிருந்து எலும்பையோ சோற்றையோ போடவும் கூடாது. அப்படிப் பழகிய நாய் உணவகத்தில் மேசைக்கடியில் அமைதியாகக் கிடக்காது. வீட்டுக்கு வரும் மாமா, மாமிமார்களுக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு. நாய் வந்த பிறகும் மகள் ஒரு பக்கமாகக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால், நாய்க்கு யார் வழி சொல்கிறார் என்பது குழம்பிவிடும். குடும்பத்தினர் இரண்டடி பின்னால் வர, அப்பா பிழையான சந்தியில் திரும்பினாலும் வாயைத் திறக்காமல் இருக்கப் பழக வேண்டும். பிழையைத் தானே கண்டுபிடித்துத் திரும்பி வருவதும் பயிற்சியின் ஒரு பகுதி. அன்பு காரணமாகவே பலருக்கு இது முடிவதில்லை.

கடை, டக்ஸி, கோயில்

பிரித்தானியாவில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின் கீழ், உதவி நாயுடன் வருபவரை அதன் காரணமாகக் கடையோ உணவகமோ திருப்பி அனுப்புவது பாகுபாடாகலாம். சாப்பாட்டுக் கடை என்பது பொதுவாக ஏற்கத்தக்க காரணமல்ல. டக்ஸி சாரதி ஏற்ற மறுத்தாலோ மேலதிகக் கட்டணம் கேட்டாலோ குற்றம். ஆயிரம் பவுண் வரை தண்டம் விதிக்கலாம். வைத்தியக் காரணத்துக்காக முன்கூட்டியே விலக்குச் சான்றிதழ் பெற்ற சாரதிக்கு மட்டுமே விதிவிலக்கு. மதக் காரணம் விலக்கல்ல. பலசரக்குக் கடைகளும் எரிபொருள் நிலையங்களும் நடத்தும், டக்ஸி ஓட்டும் நம்மவர் இதை அறிந்திருப்பது அவசியம்.

கோயில் விடயத்தில் முன்கூட்டியே நிர்வாகத்துடன் பேசுவதே நல்லது. 2008இல் லெஸ்டர் நகரப் பள்ளிவாசல் ஒன்று, பார்வையற்ற இளைஞர் ஒருவர் தொழும்போது அவரது வழிகாட்டி நாய் வாசற்பகுதியில் தங்க இடம் ஒதுக்கிக் கொடுத்தது. நாயை வைரவரின் வாகனமாக வைத்துக் கும்பிடும் நமக்கு, மண்டப வாசலில் ஒரு மூலையை ஒதுக்குவது பெரிய காரியமாக இருக்கத் தேவையில்லை.

தெருவில் வழிகாட்டி நாயைக் கண்டால் கூப்பிடாதீர்கள், தடவாதீர்கள், சாப்பாடு நீட்டாதீர்கள். உதவி தேவையா என்று மனிதரிடம் கேளுங்கள். கைப்பிடியையோ அவரது கையையோ பிடித்து இழுக்க வேண்டாம். சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பட்டி இருந்தால் அவர் செவிப்புலனும் பாதிக்கப்பட்டவர் என்று அறியுங்கள்.

மற்ற உதவி நாய்களும் போலிச் சான்றிதழ்களும்

பார்வையற்றோருக்கு மட்டும் உரியதல்ல இது. கதவு மணியையும் தீ எச்சரிக்கையையும் தொட்டு அறிவிக்கும் நாய்களைச் செவிப்புலனற்றோருக்காக ‘ஹியரிங் டோக்ஸ்’ நிறுவனம் 1982 முதல் பயிற்றுகிறது. சக்கர நாற்காலியில் இருப்போருக்கு விழுந்த பொருளை எடுத்துக் கொடுப்பவை, வலிப்பு வருவதை முன்கூட்டி உணர்த்துபவை, நீரிழிவாளரின் குருதிச் சீனி குறைவதை மணத்தால் அறிபவை என வேறு வகைகளும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி நிறுவனம், தனிப் பட்டியல். சில நேரங்களில் புதிய விண்ணப்பங்களை நிறுத்தியும் வைப்பார்கள்.

உதவி நாய்களுக்கென அரசாங்கப் பதிவேடு எதுவும் பிரித்தானியாவில் இல்லை. காசு கட்டினால் உங்கள் வீட்டு நாயைப் ‘பதிவுசெய்து’ அட்டையும் மேலங்கியும் அனுப்புவதாகச் சொல்லும் இணையத்தளங்கள் விற்பது துணியையும் பிளாஸ்டிக்கையும் மட்டுமே. வழிகாட்டி நாய்ப் பள்ளிகளின் தரத்தைச் சர்வதேச வழிகாட்டி நாய்ச் சம்மேளனமும், ஏனைய வகைகளை ‘அசிஸ்டன்ஸ் டோக்ஸ் இன்டர்நஷனல்’ அமைப்பும் மதிப்பிடுகின்றன. விண்ணப்பிக்கும் நிறுவனம் இவற்றில் ஒன்றின் அங்கத்துவம் பெற்றதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஊருக்கு வரும்போது

இலங்கைக்கு நாயைக் கொண்டுவரக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதி வேண்டும். விசர்நாய்க்கடி நோய் இங்கே இருப்பதால், பிரித்தானியாவுக்குத் திரும்பும்போது தடுப்பூசியுடன் இரத்தப் பரிசோதனையும் கேட்கப்படும். இவற்றுக்கு மாதக்கணக்கான முன்னேற்பாடு தேவை. கட்டாக்காலி நாய்கள் சூழும் தெருவில், முச்சக்கரவண்டிகள் நிறுத்திய நடைபாதையில், இந்த நாயால் தன் வேலையைச் செய்வதும் கடினம். குறுகிய பயணத்துக்கு நாயை அங்கே பராமரிப்பில் விட்டுவிட்டு வெள்ளைப்பிரம்புடன் வருவதே நடைமுறைக்கு ஏற்றது. பிரம்புப் பழக்கத்தைக் கைவிடக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயம், நடமாட்டத்துக்கான உயிருள்ள உதவிகளையும் அரசுகள் வசதிப்படுத்த வேண்டும் என்கிறது. அதற்கு முன்னதாக, பிரம்பு தட்டிச் செல்லக்கூடிய ஒரு நடைபாதை இங்கே தேவை.

ஓய்வு

வழிகாட்டி நாய் பொதுவாகப் பத்து வயதை அண்டி ஓய்வு பெறும். அதைத் தொடர்ந்து வீட்டில் வைத்திருக்கலாம், உறவினரிடம் கொடுக்கலாம், அல்லது நிறுவனம் நல்ல வீடு தேடித் தரும். அடுத்த நாய்க்கு மறுபடியும் மதிப்பீடு, பொருத்தம் பார்த்தல், பயிற்சி. வருடக்கணக்கில் ஒரே கைப்பிடியில் நடந்தவர்களுக்கு இந்தப் பிரிவு கடினமானது. விண்ணப்பிக்கும்போதே இதையும் குடும்பத்துடன் பேசிவைப்பது நல்லது.

“ஆர் கூட்டிக்கொண்டு போறது?” என்று கேட்ட வீட்டில், ஒரு மாலை அப்பா சப்பாத்தைப் போட்டு, நாய்க்குப் பட்டியை மாட்டி, “கடைக்குப் போட்டு வாறன்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவார். வீட்டிலுள்ளவர்கள் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவரும் பின்னால் போகாமல் இருந்தால், அவர் பாலும் பாணும் வாங்கிக்கொண்டு திரும்பி வருவார்.